எரிமலைக் குழம்பில் அரிய தனிமங்கள் எப்படிச் சேருகின்றன? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜியாலஜி படித்து, அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்று மயிலாடுதுறைப் பக்கம் சொந்த ஊரில் இருப்பவன் நான். எங்கள் ஊரில் கல் என்றால் கோயில் கல், இல்லாவிட்டால் அம்மிக்கல். இரண்டுமே வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. இப்படிப்பட்ட ஊரில் எரிமலையைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்கிறார்கள். நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி கேட்கிறான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதிவைத்திருக்கிறேன்.

நம் பக்கம் எரிமலையே கிடையாது. எதற்கு சார் இந்தப் பேச்சு?

கிடையாது, சரிதான். இந்தியாவில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். வெகுகாலம் தூங்கிவிட்டு 1991-இல் மறுபடி விழித்துக்கொண்டது. நம் காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல்.

ஆனால் அந்தத் தம்பியின் ஸ்கூட்டர் மோட்டாரில் இருக்கும் காந்தத்தில் நியோடிமியம் இருக்கிறது. பேட்டரியில் லித்தியம். சட்டைப்பையில் உள்ள போனில் கடுகளவு டான்டலம். வாழைக்கு வைக்கிற பொட்டாஷில் பொட்டாசியம். இவை எல்லாமே ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில், பாறைக்குள் தேடினாலும் அகப்படாத அளவுக்குச் சிதறிக் கிடந்தவை. அவற்றை ஒரு கைக்கு எட்டும்படி கூட்டிச் சேர்த்தது உருகிய பாறை. அதனால்தான் இந்தப் பேச்சு.

பூமிக்குள் முழுக்க நெருப்புக் குழம்புதானே?

இல்லை. பள்ளிக்கூடப் படத்தில் சிவப்பு மை பூசிவைத்ததால் வந்த வினை இது. நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது மேன்டில். பாடப்புத்தகத்தில் கவசம் என்று போட்டிருப்பார்கள். அது கெட்டியான பாறை. நிலநடுக்க அலைகளில் திரவத்தைக் கடக்க முடியாத ஒரு வகை உண்டு. அது மேன்டிலுக்குள் தாராளமாகப் போய்வருகிறது. குழம்பாக இருந்தால் போகாது. சூடு ஆயிரம் டிகிரிக்கு மேலே இருந்தாலும் மேலிருந்து அழுத்தும் எடையால் பாறை உருகாமல் இருக்கிறது.

உருக வேண்டுமென்றால் ஏதாவது மாற வேண்டும். ஒன்று, அந்தச் சூடான பாறை மெல்ல மேலே ஏறி அழுத்தம் குறைய வேண்டும். குக்கரில் கொதிக்காமல் அடங்கி இருக்கும் தண்ணீர், வெயிட்டைத் தூக்கியதும் குபுகுபுவென்று கொதிக்கிறதல்லவா, அந்தக் கதை. கடலடி மலைத்தொடர்களிலும் ஹவாயிலும் நடப்பது இது. இன்னொன்று, பாறைக்குள் தண்ணீர் புக வேண்டும். நகை ஆசாரி வெங்காரம் வைத்து ஊதினால் அழுக்கு குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். பாறைக்குத் தண்ணீர் அந்த வெங்காரம் மாதிரி. ஒரு கடல்தளம் இன்னொரு புவித்தட்டுக்கு அடியில் செருகும்போது தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகிறது. பாரன் தீவு அப்படிப் பிறந்தது. மூன்றாவது வழி நேரடியாகச் சூடு ஏறுவது, அதாவது கீழிருந்து வரும் குழம்பு மேலோட்டுப் பாறையையே காய்ச்சி உருக்குவது.

உள்ளே இருக்கும்வரை மாக்மா, வெளியே வழிந்தால் லாவா. நான் இரண்டையும் குழம்பு என்றே எழுதுகிறேன்.

பாறை உருகினால் பாறையில் இருந்ததெல்லாம் அப்படியே குழம்பில் வந்துவிடாதா?

முழுதாக உருகினால் வரும். அப்படி முழுதாக உருகுவதில்லை என்பதுதான் விஷயமே. நூற்றில் ஒரு பங்கு, ஐந்து பங்கு, பத்துப் பங்கு உருகியதுமே அந்தத் திரவம் பிரிந்து மேலே கிளம்பிவிடுகிறது.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃபில்டரில் தூளைப் போட்டு, கொஞ்சமாகக் கொதிநீர் விட்டு இறக்கிய முதல் டிகாக்ஷன் எப்படி இருக்கும்? தூளின் எடையில் பெரும்பகுதி அப்படியே சக்கையாக மேலே நிற்க, சாரம் மட்டும் கீழே இறங்கியிருக்கும். தண்ணீர் அளவைக் கூட்டினால் டிகாக்ஷன் கூடும், திடம் குறையும். பாறையிலும் அதே கணக்கு. படிகங்களோடு ஒட்டாத தனிமங்கள் முதல் சொட்டுத் திரவத்திலேயே ஓடி வந்துவிடும். ஒரு சதவீதம் மட்டும் உருகியிருந்தால், முழுக்க வெளியே வந்துவிடும் ஒரு தனிமத்தின் செறிவு குழம்பில் 100 மடங்கு ஆகிவிடும். பத்து சதவீதம் உருகினால் 10 மடங்குதான்.

இரண்டாம் டிகாக்ஷனும் உண்டு. கண்டங்களின் மேலோடு உருவானபோது மேன்டிலின் மேல்பகுதியிலிருந்து சாரத்தை ஒருமுறை இறக்கியாயிற்று. அந்தச் சக்கையே மறுபடி உருகித்தான் இன்று கடலடி மலைத்தொடர்களில் பசால்ட் என்ற கரும்பாறையாக வழிகிறது. அதில் ருபீடியம், தோரியம், யுரேனியம் எல்லாம் பரிதாபமான அளவில் இருக்கும். விருந்தாளிக்குக் கொடுக்கக் கூச்சப்படுகிற காபி.

ஏன் சில தனிமங்கள் மட்டும் படிகத்தோடு ஒட்டுவதில்லை?

படிகம் என்பது அளவெடுத்துப் போட்ட இருக்கைகள் கொண்ட பஸ். ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்தில் மெக்னீசியத்துக்கும் இரும்புக்கும் இருக்கை உண்டு. நிக்கல் அயனி மெக்னீசியத்தின் பருமனும் அதே மின்னூட்டமும் கொண்டது. சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீசியமும் ருபீடியமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய ஆட்கள். அந்த இருக்கையில் அடங்க மாட்டார்கள்.

பருமன் மட்டும் போதாது. சிர்க்கோனியம் அயனியின் ஆரம் மெக்னீசியத்தின் ஆரமேதான். ஆனால் அதன் மின்னூட்டம் நான்கு, மெக்னீசியத்துக்கு இரண்டு. ஒரு டிக்கெட் எடுத்த இடத்தில் ஒரு மூட்டையும் சேர்த்து ஏற்றினால் கண்டக்டர் விடுவாரா? அதனால் அதுவும் வெளியேதான் நிற்கும். நியோபியம், டான்டலம், தோரியம், யுரேனியம் எல்லாம் இந்த மாதிரி மூட்டை கேஸ்கள். பருமனையும் மின்னூட்டத்தையும் வைத்து எந்தத் தனிமம் எந்தக் கனிமத்தில் நுழையும் என்று விதி வகுத்தவர் நார்வேயில் வேலை செய்த விக்டர் கோல்ட்ஷ்மிட். புவிவேதியியலுக்கு அவரைத்தான் தந்தை என்பார்கள்.

இப்படி இடம் கிடைக்காதவற்றை நான் வகுப்பில் ‘ஒவ்வாத் தனிமங்கள்’ என்பேன். இவற்றுக்கு ஒரே புகலிடம் திரவம். குழம்பின் கதை முழுக்க, இடம் கிடைக்காதவர்களின் கதை.

குழம்பு மேலே வந்த பிறகு என்ன ஆகிறது?

பெரும்பாலும் நேராக வெளியே வருவதில்லை. மேலோட்டுக்குள் எங்காவது தங்கி ஆறுகிறது. தண்ணீர் ஒரே வெப்பநிலையில் பனிக்கட்டியாவது போலக் குழம்பு ஒரே மூச்சில் உறையாது. 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கும்வரை ஒவ்வொரு கனிமமாக, தன் முறை வரும்போது படிகமாகும். முதலில் ஒலிவின், பிறகு பைராக்சீன், பிளேஜியோகிளேஸ், இன்னும் ஆறினால் ஆம்ஃபிபோல், பயோட்டைட், கடைசியில் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும்.

இந்த வரிசையைச் சோதனையில் காட்டியவர் நார்மன் போவென். வாஷிங்டனில் கார்னெகி நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை செய்தவர். பொடியைப் பிளாட்டினத்தில் பொதிந்து உலையில் உருக்கி, வேண்டிய சூட்டில் வைத்திருந்து, சட்டென்று பாதரசத்தில் போட்டு அந்த நிலையிலேயே உறைய வைப்பார்கள். அப்புறம் நுண்ணோக்கியில் எவ்வளவு படிகம், எவ்வளவு கண்ணாடி என்று எண்ணுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான தடவை! 1928-இல் அவர் தொகுத்து வெளியிட்டதைத்தான் இன்றைக்கும் முதலாண்டு மாணவன் போவென் வரிசை என்று மனப்பாடம் செய்கிறான்.

முதலில் உருவான படிகங்கள் கனமானவை. அடியில் படிந்துவிடும், அல்லது சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். அவை மெக்னீசியத்தையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு போவதால் மிஞ்சிய திரவத்தில் சிலிக்கா, அதாவது வெள்ளை மணலின் சரக்கு, கூடிக்கொண்டே வரும். சிலிக்கா 45 முதல் 52 சதவீதம் இருந்தால் பசால்ட், 63 வரை ஆண்டிசைட், அதற்கு மேல் டாசைட், 70-ஐ ஒட்டியும் தாண்டியும் ரையோலைட். ரையோலைட் வெளியே வராமல் ஆழத்திலேயே நிதானமாக உறைந்தால் அதற்குப் பெயர் கிரானைட்.

இதில் அரிய தனிமம் எங்கே சேர்கிறது? புரியும்படி சொல்லுங்கள்.

வேதாரண்யம் உப்பளத்துக்கு வாருங்கள். பாத்தியில் கடல்நீர் காய்கிறது. ஒரு கட்டத்தில் உப்பு பூத்துப் படிகமாகிறது. அந்தப் படிகம் சோடியத்தையும் குளோரினையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். மெக்னீசியத்துக்கும் புரோமினுக்கும் அதில் இடம் இல்லை. உப்பை வாரிய பிறகு பாத்தியில் எண்ணெய் போலக் கொழகொழவென்று ஒரு தண்ணீர் நிற்கும். நாக்கில் வைத்தால் கைக்கும். கடலில் இருந்த மெக்னீசியமும் புரோமினும் ஒதுக்கப்பட்டு ஒதுக்கப்பட்டு அதில் குவிந்திருக்கிறது. புரோமின் எடுக்கிறவர்கள் கடலைத் தேடிப் போவதில்லை, இந்தக் கழிவுநீரைத்தான் தேடி வருகிறார்கள்.

சர்க்கரை ஆலையிலும் இதைப் பார்க்கலாம். வெள்ளைச் சர்க்கரை படிகமாகப் பிரிந்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகில் கரும்பின் பொட்டாசியம் குவிந்திருக்கும். சுவாமிமலையில் வார்த்த சிலையை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தாலும் இதுதான் தெரியும் (அறுக்க யார் விடுவார்கள், அது வேறு). முதலில் உறைந்த கிளைகளில் செம்பு அதிகம், இடுக்குகளில் கடைசியாக உறைந்த பகுதியில் வெள்ளீயம் அதிகம்.

குழம்பும் இப்படித்தான். ஒவ்வொரு படிகமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு விலக, வேண்டாதது அத்தனையும் குறைந்துகொண்டே வரும் திரவத்தில் நெருக்கியடித்து நிற்கும்.

எத்தனை மடங்கு சேரும்? கணக்கு உண்டா?

உண்டு, எளிய கணக்குதான். எந்தப் படிகமும் தொடாத தனிமம் என்று வைத்துக்கொள்வோம். குழம்பில் பாதி உறைந்தால் மிச்சத்தில் அதன் செறிவு 2 மடங்கு. 90 சதவீதம் உறைந்தால் 10 மடங்கு. 99 சதவீதம் உறைந்தால் 100 மடங்கு. கவனியுங்கள், கடைசிக் கட்டத்தில்தான் ஏற்றம் தலைதெறிக்க ஓடுகிறது. முதல் பாதியில் ஒன்றும் பெரிதாக நடக்காது.

இதோடு டிகாக்ஷன் கட்டத்தையும் பெருக்க வேண்டும். மேன்டில் 5 சதவீதம் உருகியபோது 20 மடங்கு, அந்தக் குழம்பு 90 சதவீதம் உறைந்தபோது 10 மடங்கு, ஆக 200 மடங்கு. நிஜத்தில் படிகங்கள் கொஞ்சம் கொஞ்சம் திருடிக்கொள்ளும் என்பதால் சற்றுக் குறையும். யுரேனியத்தைப் பாருங்கள். ஆதி மேன்டிலில் பத்துக் கோடியில் 2 பங்குதான் அது இருந்தது. இன்று கண்டங்களின் மேற்பகுதியில் சராசரியாக அதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. பொட்டாசியமும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருக்கிறது. வாழைக்குப் பொட்டாஷ் வைக்கும் யாரும் அதை அரிய தனிமம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதுவும் மேன்டிலில் இடம் கிடைக்காமல் மேலே ஏறி வந்த ஆசாமிதான்.

ஆறினாலே போதுமா? வேறு எதுவும் நடக்காதா?

நடக்கும், நிறைய நடக்கும். பாடப்புத்தகத்தில் பசால்ட்டிலிருந்து ரையோலைட்டுக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வெகுநாள் வருத்தம். குழம்பு தங்கும் அறை ஒன்றும் மூடிவைத்த பாத்திரம் இல்லை. சுற்றியுள்ள பழைய பாறையைக் கரைத்துத் தனக்குள் போட்டுக்கொள்ளும். மேலோட்டுப் பாறையில் ஒவ்வாத் தனிமங்கள் ஏற்கெனவே அதிகம் என்பதால் இது குறுக்குவழி. கீழிருந்து புதுப் பசால்ட் வந்து கலக்கும். பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ 1991-இல் வெடித்ததே, ஆறிப்போய்க் கிடந்த டாசைட் குழம்புக்குள் சூடான பசால்ட் புகுந்து கிளறிவிட்டதால்தான். ரையோலைட்டில் பெரும்பங்கு பசால்ட் ஆறியதால் வந்ததா, மேலோடு உருகியதால் வந்ததா என்று கேட்டால், இரண்டு ஜியாலஜிக்காரர்கள் மூன்று பதில் சொல்வார்கள். இடத்துக்கு இடம் இரண்டும் உண்டு என்பது என் கட்சி.

தண்ணீரோடு பிறந்த குழம்புக்குத் தனி அடையாளமும் இருக்கிறது. செருகும் கடல்தளத்திலிருந்து வெளிவரும் தண்ணீர் சீசியம், பேரியம் போன்றவற்றைக் கரைத்துக் கொண்டுவரும். நியோபியம் அதில் கரையாது. அதனால் இத்தகைய தீவு எரிமலைகளின் பாறையைச் சோதித்தால் மற்றவை ஏறியிருக்க, நியோபியம் மட்டும் குறைந்திருக்கும். எரிமலையை நேரில் பார்க்காமலே அது எப்படிப்பட்ட இடத்தில் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

குழம்பு உறைவதை யாராவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஹவாயில் கிலாவேயா இக்கி என்ற பள்ளம் 1959-இல் லாவாவால் நிரம்பி 100 மீட்டருக்கு மேல் ஆழமான ஏரியாகிவிட்டது. மேலே ஆடை படிந்ததும் ஆய்வாளர்கள் அதன்மேல் ஏறித் துளை போட ஆரம்பித்தார்கள். பால் ஆறும்போது ஆடை தடித்துக்கொண்டே போவதைப் போல அந்த ஓடும் வருடா வருடம் தடித்தது. உள்ளே முழுதாக உறைய 30 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. துளைகளில் ஊறிவந்த கடைசித் திரவத்தைச் சோதித்தால், தொடக்கத்தில் வழிந்த லாவாவைவிட அதில் பொட்டாசியமும் டைட்டானியமும் கூடுதல். நூறு மீட்டர் ஏரிக்கே முப்பது வருடம் என்றால், பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் தேங்கியதற்கு எத்தனை ஆயிரம் ஆண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அருமண் தனிமங்கள் (ரேர் எர்த் என்று செய்தியில் வருபவை) பதினேழும் ஒரே மாதிரிதானே நடக்கும்?

கிட்டத்தட்ட. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை வரிசையாகப் போகப் போக அயனி மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். பருமனான லாந்தனம், சீரியம் போன்றவை ஒவ்வாமையில் முந்தி. சின்ன அயனிகளை கார்னெட் கனிமம் ஆசையாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஆழத்தில், கார்னெட் இருக்கும் இடத்தில் பிறந்த குழம்பில் லாந்தனம் போன்ற லேசானவை மிக அதிகமாகவும் லுட்டீசியம் போன்ற கனமானவை குறைவாகவும் இருக்கும்.

இந்த வரிசையில் யூரோப்பியம் மட்டும் தனிப்போக்கு. மற்றவை எல்லாம் மூன்று மின்னூட்டத்தோடு வலம் வரும்போது, இது ஆக்சிஜன் குறைவான குழம்பில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு இரண்டோடு இருக்கும். உடனே பிளேஜியோகிளேஸில் கால்சியத்தின் இருக்கை அதற்குப் பொருந்திவிடும். பிளேஜியோகிளேஸ் படிகமாகி விலகிய குழம்பில் யூரோப்பியம் மட்டும் பல்லு போன மாதிரி காணாமல் போயிருக்கும். விலகிப்போன படிகக் குவியலில் அது மிகையாக இருக்கும்.

நிலாவின் வெளிறிய மேட்டுநிலம் முழுவதும் அப்படி ஒரு குவியல்தான். நிலா பிறந்த புதிதில் ஒரு குழம்புக்கடலாக இருந்தது, அதில் பிளேஜியோகிளேஸ் மிதந்து மேலே ஒதுங்கியது. அந்தப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். 2023-இல் சந்திரயான்-3 இறங்கிய இடத்து மண்ணும் அந்த ஜாதி. அதே ஜாதிப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் இருக்கிறது. இஸ்ரோ நிலா மண்ணுக்கு மாற்றாகச் சோதனைக்கு அரைத்துக்கொண்டது அதைத்தான். நிலாவில் கடைசியாக மிஞ்சிய திரவத்தில் பொட்டாசியமும் அருமண்களும் பாஸ்பரசும் குவிந்து உறைந்த பாறைத் துண்டுகளை அப்போலோ பயணங்களில் எடுத்து வந்திருக்கிறார்கள். உப்பளத்துக் கைப்பு நீர் அங்கேயும்.

கூடுதலாக ஒன்று: 1982-இல் நம்மூருக்குக் கலர் டிவி வந்தபோது அதில் தெரிந்த சிவப்பு, யூரோப்பியம் கொடுத்த சிவப்பு.

கடைசிச் சொட்டுத் திரவம் என்ன ஆகும்?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கிரானைட் அநேகமாக உறைந்து முடிந்த நிலையில் கொஞ்சம் திரவம் மிஞ்சி நிற்கிறது. அதில் தண்ணீர் ஏராளம், கூடவே ஃபுளூரின், போரான், லித்தியம், பெரிலியம், சீசியம், டான்டலம். இந்தக் கலவை உறைய மறுக்கும். 600 டிகிரிக்குக் கீழேகூடத் திரவமாகவே இருக்கும். தண்ணீரைப் போல இளக்கமாக இருப்பதால் பாறை வெடிப்புகளுக்குள் பாய்ந்து, அங்கே படிகங்கள் முழக்கணக்கில் வளரும். இதுதான் பெக்மடைட். ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்தில் லித்தியமும் டான்டலமும் கிடைப்பது இதிலிருந்து.

நம் கதையும் இதில் உண்டு. பெரிலியம் குவிந்த பெக்மடைட்டில் பெரில் என்ற நீலப்பச்சைக் கல் பிறக்கும். காங்கேயம் பக்கம் படியூரில் அந்தக் கல் கிடைத்தது. காவிரியில் கலக்கும் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊரில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அதைப் பட்டை தீட்டினார்கள். நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழாய்வு செய்து கல்மணிப் பட்டறைகளையே வெளிக்கொண்டுவந்தார்கள். ரோமாபுரிக்காரர்களுக்கு இந்தியப் பெரில் என்றால் உயிர். எந்தப் படிகத்திலும் இடம் கிடைக்காமல் கடைசிவரை அலைந்த பெரிலியம், ரோமச் சீமாட்டி கழுத்தில் போய் உட்கார்ந்தது என்று வகுப்பில் சொன்னால், தூங்கும் பையனும் எழுந்துகொள்வான்.

கார்பனடைட் என்று செய்தியில் வருகிறதே, அது என்ன?

வழக்கமான குழம்பில் சிலிக்கா இருக்கும். இதில் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லின் சரக்கு. மேன்டில் மிக மிகக் கொஞ்சமாக, ஒரு சதவீதத்துக்கும் கீழே உருகும்போது இது பிறக்கலாம். இல்லையென்றால், காரம் நிறைந்த சிலிக்கேட் குழம்பு ஆறும்போது எண்ணெயும் தண்ணீரும்போல இரண்டாகப் பிரிந்தும் வரலாம். எப்படி வந்தாலும் அருமண்களையும் நியோபியத்தையும் அள்ளிக்கொண்டு வரும். சீனாவின் பயான் ஓபோ, 1949-இல் கண்டுபிடித்த கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் இரண்டும் இந்த வகைப் பாறையால் பேர் பெற்ற சுரங்கங்கள்.

இன்றைக்குக் கார்பனடைட் லாவா கக்கும் எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்று, தான்சானியாவின் ஒல்டோயின்யோ லெங்காய். 500, 600 டிகிரியில் கறுப்பாக, தார் மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி ஓடும். காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துப்போகும்.

நம்மிடமும் பழைய கார்பனடைட் இருக்கிறது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஒகேனக்கல் பகுதியிலேயே சுமார் 240 கோடி ஆண்டு வயதான கார்பனடைட் உண்டு. ஆடிப்பெருக்குக்கு நாம் கும்பிடும் தண்ணீர் அந்த வட்டாரத்தைக் கடந்துதான் வருகிறது. திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவாத்தூரில் உள்ளது அதைவிட இளையது. அதில் நியோபியமும் யுரேனியமும் சேர்ந்த பைரோகுளோர் என்ற கனிமம் இருக்கிறது.

நிக்கல், குரோமியமும் மதிப்பானவைதானே? அவை கடைசித் திரவத்தில் வராதா?

வராது. அவை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவை. குரோமியத்தை அடியில் படிந்த படிகக் குவியலில்தான் தேட வேண்டும். சேலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் வெள்ளைக்கல் எடுக்கிறார்களே, அந்தப் பச்சைப் பாறைக் கூட்டத்தில் குரோமைட்டும் உண்டு.

அருமண் என்றால் ரொம்ப அரிதா?

பெயர்ப் பிழை. சீரியம் பூமியின் மேலோட்டில் செம்புக்கு நிகராக இருக்கிறது. அளவுக்குப் பஞ்சமில்லை, குவியலுக்குத்தான் பஞ்சம்.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் தோரியம் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கல்யாண ஊர்வலத்தில் தலையில் வைத்து நடந்த அந்த விளக்கின் வலையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த வலைக்கும் நாம் மேன்டில் என்றே பெயர் வைத்திருந்தோம்! பூமியின் மேன்டிலில் இடமில்லாமல் ஓடிவந்த தோரியம் இந்த மேன்டிலில் வந்து எரிந்தது. இரண்டும் கிடைப்பது மோனசைட் மணலில். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்றும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அந்த மணலைப் பிரிக்கிறார்கள்.

டெல்டாவுக்கு அடியில் இதெல்லாம் இருக்கிறதா? தோண்ட வருவார்களா?

இந்தக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று கேட்டுக் கேட்டு நொந்த ஊர் இது. பாறையைப் பொறுத்தவரை பதில் நேரடியானது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது இங்கே ஒரு பெரும் பள்ளம் விழுந்தது. அதை ஆறும் கடலும் நிரப்பியிருக்கின்றன. சில இடங்களில் படிவின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல். நரிமணத்தில் எண்ணெய் வருவது அந்தப் படிவிலிருந்து. பெக்மடைட், கார்பனடைட் மாதிரிப் பாறை இருந்தால் அதற்கும் கீழேதான், எந்தச் சுரங்கமும் எட்டாத ஆழத்தில். 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் தடுத்திருப்பது எண்ணெய், எரிவாயு போன்ற புதுத் திட்டங்களை; அருமண் சுரங்கத்துக்கு நம் வயலில் வேலையே இல்லை. கடற்கரை மணல் வேறு விஷயம், அதைக் கீழே சொல்கிறேன்.

நம் வண்டல் வளமானது எரிமலை மண்ணாலா?

இல்லை. தக்காணத்து எரிமலைக் கரிசல் வேறு. குடகிலிருந்தும் மைசூர்ப் பீடபூமியிலிருந்தும் கொங்கிலிருந்தும் காவிரி அரித்து வருவது பழைய கிரானைட், நைஸ், சார்னோகைட் பாறைகள். அவற்றின் ஃபெல்ஸ்பார் சிதைந்துதான் நம் வயலின் களியும் பொட்டாசியமும்.

இதையெல்லாம் நம் ஊரிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவில்லாமல். ஐப்பசி, கார்த்திகை அலை அடங்கிய பிறகு தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போனால் மணலில் கருஞ்சிவப்புப் பட்டைகள் தெரியும். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இலேசான குவார்ட்ஸ் மணலை அலை இழுத்துப்போக, கனமானது பின்தங்கியது. முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது பதர் முன்னால் போய் மணி பின்னால் நிற்பதுபோல.

கொள்ளிடத்து மணலிலும் செய்யலாம். ஒரு கைப்பிடி எடுத்துத் தேங்காய்த் தொட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி இலேசானதை வழியவிடுங்கள். அடியில் ஒரு சிட்டிகை கறுப்பு மிஞ்சும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் காட்டினால் மேக்னட்டைட் தாவி ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை லென்ஸில் பார்த்தால், பட்டை தீட்டினாற்போல நிறமில்லாமல் மின்னும் பொடிமணி ஒன்றிரண்டு அகப்படலாம். சிர்க்கான். ஒலிவினில் இடம் கிடைக்காத சிர்க்கோனியம் கடைசியில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு அது. கூடவே இடமில்லாத யுரேனியத்துக்கும் ஒரு மூலை கொடுத்திருக்கும். அந்த யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் பாறைக்கு வயது சொல்கிறோம். உங்கள் உள்ளங்கையில் இருப்பது இருநூறு கோடி ஆண்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு ஆற்றிலேயே போட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடிதான் சொன்னேன், லோடு அடிக்கச் சொல்லவில்லை.